ஓர் அவுன்ஸ் மூங்கில்

பேரனுக்கு இருமல் என்று போடியில் மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்த பாட்டிலைப் போன வாரம் என் மருமகள் திறந்தபோது, அதன் தலையில் கவிழ்த்து வைத்திருந்த சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தை நான் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டரை, ஐந்து, ஏழரை, பத்து என்று அதில் பொறித்திருந்த கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். "மாமா, புள்ள இருமிக்கிட்டுக் கெடக்கான், அந்த மூடியக் குடுங்க" என்று அவள் கையை நீட்டிய பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. குழந்தை மருந்தைக் குடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிப்போயிற்று. எனக்கோ அன்று முழுவதும் வேறு காரியம் ஓடவில்லை. மனம் குரங்கணி மலையடிவாரத்தில் நான் மருந்து கொடுத்த ஒரு தகரக் கொட்டகையின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்து தர்ம ஆஸ்பத்திரிகளில் மருந்து வாங்க வருகிறவர்கள் பாட்டிலை வீட்டிலிருந்தே கழுவிக் கொண்டுவர வேண்டும் என்பதும், கம்பவுண்டர் அதில் மிக்ஸ்சரை ஊற்றிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக நறுக்கி, பசை தடவிப் பாட்டிலின் விலாவில் ஒட்டித் தருவார் என்பதும், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்டதே ஒரு வேளை மருந்து என்பதும் இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். இந்தத் தாள் நறுக்கும் வித்தையை நான் போடியில் ஒரு வயதான கம்பவுண்டரிடம் கற்றுக்கொண்டேன். ரோஜா நிறத்தில் வயிற்றுக் கோளாறுக்கு ஒன்று, பழுப்பு நிறத்தில் இருமலுக்கு ஒன்று, நாக்கில் பட்டால் அரை நாள் கசக்கும் குயினைன் ஒன்று என்று ஜாடிகள் வரிசையாக நிற்க, மூன்று பேருக்கு மருந்து ஊற்றும் நேரத்தில் மூன்று தாளும் நறுக்கி ஒட்டிவிடுவேன். அதில் எனக்குச் சற்றுக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைக் குரங்கணியில் முதல் வாரத்திலேயே மலைவாசிகளான முதுவர்களின் குடியிலிருந்து வந்த ஒரு பெரியவர் போக்கிவிட்டார்.

மலை மேலே பாட்டில் ஏது? அவர் கொண்டுவந்தது ஒரு முழ நீளத்துக்கு மூங்கில் குழாய். அடியில் கணு, வாயில் இலையைச் சுருட்டி அடைத்த மூடி. மருந்தை ஊற்றினேன். தாளை எங்கே ஒட்டுவது? ஒட்டினாலும் உள்ளே மருந்தின் மட்டம் எப்படித் தெரியும்? நான் திகைத்து நிற்பதைக் கண்ட பெரியவர், "ஒரு வேளைக்கு எம்புட்டு?" என்று கேட்டார். அவுன்ஸ் கிளாஸில் ஊற்றிக் காட்டினேன். அவர் வெளியே போய், சற்றுப் பருத்த மூங்கிலொன்றை வெட்டி வந்து, கணுவுக்கு மேலே நாலு விரல் விட்டு நறுக்கி, என் கிளாஸிலிருந்த மருந்தை அதில் ஊற்றச் சொல்லி, மட்டத்தை நகத்தால் கீறி, மருந்தைத் திரும்பக் கிளாஸில் கொட்டிவிட்டு, கீறின இடத்தில் அரிவாள் நுனியால் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுச் சீவினார். ஓர் அவுன்ஸ் மூங்கில் தயார். நிரப்பிக் குடித்தால் ஒரு வேளை. எழுத்தும் வேண்டாம், கோடும் வேண்டாம். அதன் பிறகு எங்கள் கொட்டகையில் அப்படிப்பட்ட மூங்கில் கிண்ணங்கள் நூலில் கோத்துத் தொங்கிக்கொண்டே இருந்தன. தாள் நறுக்கும் கத்தரியைக் கட்டுத் துணி வெட்டுவதற்கு மாற்றிக்கொண்டேன்.

நான் குரங்கணிக்குப் போய்ச் சேர்ந்ததற்கு ஆப்பிரிக்காதான் காரணம் என்றால் கேட்பவர்கள் சிரிக்கக்கூடும். ஆல்பர்ட் ஷ்வைட்ஸர் என்ற மகானைப் பற்றி அந்நாளில் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுவார்கள். சங்கீதத்திலும் தத்துவத்திலும் பெரும்புகழ் பெற்றிருந்த ஒருவர், முப்பது வயதில் வைத்தியம் படிக்கத் தொடங்கி, 1913-இல் மத்திய ஆப்பிரிக்காவில் ஒகோவே நதிக்கரையிலுள்ள லம்பரேனே என்ற இடத்துக்கு மனைவியுடன் போய், ஒரு பழைய கோழிக் கொட்டகையையே சுத்தம் செய்து அங்கே நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார் என்றும், 1952-ஆம் வருஷத்துக்குரிய சமாதான நோபல் பரிசு கிடைத்தபோது அந்தப் பணத்தைக் குஷ்டரோகிகளுக்கான குடியிருப்புக்குச் செலவிட்டார் என்றும் படித்து, நானும் ஆப்பிரிக்காவுக்குப் போவதென்று தீர்மானித்திருந்தேன். இந்தத் தீர்மானத்தை, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று மலைச் சனங்களுக்காக இலவச வைத்தியம் செய்து வந்த எங்கள் டாக்டரம்மாளிடம் ஒரு நாள் பயபக்தியுடன் தெரிவித்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அம்புட்டுத் தூரம் போவானேன்? முந்தலைத் தாண்டி மேலே ஏறிப் பாரு. அங்கேயும் காடு இருக்கு, ஆறு இருக்கு, காய்ச்சல் இருக்கு. கப்பல் சார்ஜும் மிச்சம்" என்றார். மறுவாரமே இரண்டு டிரங்குப் பெட்டி மருந்துடன் என்னைப் பஸ் ஏற்றியும் விட்டார். சம்பளம் கிடையாது, சாப்பாட்டுக்கும் சோப்புக்கும் அவர் கையிலிருந்து கொடுப்பார்.

போடியிலிருந்து புறப்படுகிற சாலை முந்தலில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுக்கும் அதற்கப்பால் பூப்பாறைக்கும் போகும். மற்றொன்று கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குப் போகும். அடிவாரத்தில் மாவும் இலவும். பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு சாலையெல்லாம் பறக்கும். மேலே போகப் போகக் காப்பி, அதற்கு மேலே சோலை நிழலில் ஏலம், எல்லாவற்றுக்கும் மேலே கொழுக்குமலையின் தேயிலை. இப்பொழுது உல்லாசப் பிரயாணிகள் தேடிவரும் இந்தச் சிற்றூர் ஒரு காலத்தில் பெரிய வர்த்தகத் துறையாக இருந்தது என்பதை அநேகர் அறியார். மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரையில் கொண்டுவருவதற்கு 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டி ஓட்டினார்கள். 1908-இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் தொங்கிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கிக் குரங்கணிக்கு வரும்; இங்கிருந்து வண்டிகளில் போடிக்குப் போகும். 1924-ஆம் வருஷத்து மகா வெள்ளம் மேலேயிருந்த ரயிலை அடியோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயில் போனாலும் ஸ்டேஷன்கள் போகவில்லை. "டாப்புக்குப் போறேன்", "சென்ட்ரல்ல பொண்ணு எடுத்திருக்கு" என்று சனங்கள் இன்றும் பேசுகிறார்கள். வாழ்நாளில் ரயிலைப் பார்த்தேயிராத கிழவிகூட அப்படித்தான் சொல்வாள்.

எங்கள் கொட்டகையில் பொழுது விடிவது ஸ்டவ்வின் இரைச்சலோடுதான். கண்ணாடி ஸிரிஞ்சுகளைத் துணியில் சுற்றிப் பாத்திரத்தில் இட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து நுனி மழுங்கியிருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்த்து, மழுங்கியதைச் சாணைக்கல்லில் தேய்த்து, மெல்லிய கம்பியால் துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்வதற்குள் வாசலில் ஆள் சேர்ந்துவிடும். ஒரே ஊசியை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தால் இப்போது உடம்பு நடுங்குகிறது. அன்று பல இடங்களிலும் அதுதான் வழக்கம். அரிவாள் பட்ட காயம், சொறி சிரங்கு, குழந்தைகளின் பூச்சி வயிறு, குளிர் காய்ச்சல், இவைதாம் தினசரி வரவு. மழைக்காலம் பிறந்தால் அட்டைக்கடி. அட்டை கடித்தால் வலி தெரியாது. அரிப்பு தாங்காமல் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள். புகையிலையையும் சுண்ணாம்பையும் நனைத்த துணியைக் கணுக்காலில் சுற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். புண்ணுக்கு மருந்து போட்டது நான்.

ஏலத்தோட்டத்துப் பெண்களின் வேலையைக் கண்ணால் பார்க்காதவர்கள், ஏலக்காய் மரத்திலே காய்த்துத் தொங்குவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், காய்க்கும் சரமெல்லாம் அடித்தூரிலிருந்து கிளம்பித் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். ஆவணியில் தொடங்கி மாசி வரையில் காய் பழுக்கப் பழுக்க, மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு தூரையும் சுற்றி வந்து, ஈரத் தரையில் குந்தியும் குனிந்தும், முற்றியதை மாத்திரம் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். தலைக்கு மேலே இலையிலிருந்து மழை சொட்டும். காலடியில் அட்டை ஊரும். சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்து, "இடுப்பு கழண்டு போச்சு தம்பி, எதையாவது குடு" என்பார்கள். சாலிஸிலேட் மிக்ஸ்சர் கொடுப்போம். கேட்ட பெண்ணுக்கும் கொடுத்த எனக்கும் தெரியும், திங்கட்கிழமை காலையில் அதே இடுப்பு அதே தூரடியில் குனியப் போகிறதென்று. அந்த வலிக்கு மருந்து என் ஜாடிகளில் இல்லை. தோட்ட முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களில் இருந்திருக்கலாம்.

மலைக்காய்ச்சலைப் பற்றிக் கிழவர்கள் சொல்லும் கதைகள் வேறு யுகத்துக் கதைகள். 1953-இல் தேசமெங்கும் மலேரியா ஒழிப்பு வேலை தொடங்கி, சுவர்களிலெல்லாம் டி.டி.டி. தெளிக்க ஆரம்பித்த பிறகு காய்ச்சல் வெகுவாகத் தணிந்திருந்தது. அதற்கு முந்திய தலைமுறையிலோ, மண்ணீரல் பெருத்து வயிற்றில் கட்டியுடன் நடமாடாத மலைக்காரனே அபூர்வமாம். வெள்ளைக்காரன் காலத்தில் தபாலாபீஸிலேயே விற்ற குயினைன் பொட்டலத்தை வாங்கித் தின்று, காதில் வண்டு ரீங்காரமிடுவதாகச் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போவார்களாம். நான் போன காலத்தில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் போடிக்கு அனுப்பிவிட்டு, குளோரோகுயின் மாத்திரை கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும்.

வயிற்றுப்போக்குத்தான் எனக்கு அச்சமாக இருந்தது. காலையில் விளையாடிய குழந்தை மாலையில் கண் குழிவிழுந்து கிடக்கும். 1971-இல் வங்காளத்து அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர், நரம்பில் ஏற்றும் ஸலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்த விருத்தாந்தத்தை டாக்டரம்மாள் எங்களுக்கு ஒரு வாரம் விடாமல் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கணக்கு எளிதுதான், ஆனால் கரண்டி எந்த வீட்டில் இருக்கிறது? உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து. மறுபடியும் மூங்கில்தான் கைகொடுத்தது. சர்க்கரைக்கு ஒரு கிண்ணம், உப்புக்கு ஒரு கிண்ணம் என்று பெரிதும் சிறிதுமாக நறுக்கி, இரண்டையும் ஒரே நூலில் கட்டி வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம். நறுக்கிக் கொடுத்தவர் அதே பெரியவர். கூலி கேட்கவில்லை, தமக்கு ஒரு பிடி புகையிலை வேண்டும் என்று மட்டும் சொல்வார்.

அவர் தங்கை மகனுக்கு க்ஷயம். ஸானடோரியத்தில் படுக்கை கிடைத்தால்தான் க்ஷயரோகிக்குப் பிழைப்பு என்ற எண்ணம் அப்போது படித்தவர்களிடமே போகவில்லை. அதைப் பொய்யாக்கியது சென்னைதான். 1956-இல் அங்கே தொடங்கிய க்ஷய ஆராய்ச்சி நிலையத்தார், குடிசையில் இருந்துகொண்டே மாத்திரை தின்கிறவர்களும் ஸானடோரியத்தில் பாலும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டு மாத்திரை தின்கிறவர்களும் ஒன்று போலவே குணமடைகிறார்கள் என்பதை 1959-இல் உலகத்துக்கு நிரூபித்தார்கள். ஆகையால் அந்த இளைஞனும் தன் குடியிலேயே இருந்தான்; நான் நடந்தேன். ஊசி போடும் காலம் முடிந்த பிறகும் மாத்திரையை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் விழுங்க வேண்டும். இருமல் நின்றதும் எந்த மனிதனுக்கு மாத்திரை ஞாபகம் இருக்கும்? அவனுடைய பாட்டி ஒரு தகர டப்பாவில் என்னிடம் மாத்திரையை எண்ணி வாங்கும்போதே, அதே எண்ணிக்கைக்குக் குன்றிமணியும் எண்ணி இன்னொரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். பேரன் மாத்திரை விழுங்கினால் ஒரு குன்றிமணியை எடுத்து முற்றத்தில் எறிவாள். நான் போகும்போது இரண்டு டப்பாவையும் கொண்டுவந்து என் முன்னே கவிழ்ப்பாள். கணக்கு ஒரு தடவையும் தவறியதில்லை. க்ஷய நோயாளிகள் மாத்திரை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று பிற்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனமே வற்புறுத்தியது. அந்தப் பாட்டிக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

பாம்புக்கடிக்கு மந்திரிக்கிற வைத்தியர் ஒருவர் இருந்தார். முதலில் எங்களுக்குள் சுமுகமில்லை. பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். மந்திரம் அவருடையது, கட்டு என்னுடையது. கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டி, கால் நீலம் பாரித்து அழுகும் நிலைமையில் கொண்டுவருவார்கள். அவர் மந்திரித்துக்கொண்டிருக்கும்போதே நான் கயிற்றைத் தளர்த்தி, காலை அசையாமல் மூங்கில் தப்பையில் வைத்துக் கட்டுவேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்குத்தான் விஷமுறிவு ஊசி செய்கிறார்கள். ஏலத்தோட்டங்களில் தூரடியில் சுருண்டு கிடக்கும் குழிவிரியன்களுக்கு அது கேட்காது. நல்ல வேளையாக அவற்றின் கடியில் வீக்கமும் வலியும் பிராணனை வாங்குமே தவிர, மனிதர் சாவது அபூர்வம். ஆகவே அந்த வைத்தியருக்கு மலையில் நல்ல பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை. நாகம் கடித்தது என்று தெரிந்தால், மந்திரத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, "பஸ்ஸப் பிடிங்கடா" என்று அவரே முதலில் சத்தம் போடுவார்.

முதுவர்களின் வழக்கங்களுக்கு உட்பட்டு வைத்தியம் செய்வது தனிக் கலை. பாண்டிய நாட்டிலிருந்து பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அவர்களிடையே, மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ஸ்திரீகள் ஊருக்குச் சற்று ஒதுக்கமான ஒரு குடிசையில் தங்குவார்கள்; அந்தப் பக்கம் ஆண் வாடையே ஆகாது. பிள்ளை பெற்ற ஒருத்திக்குக் காய்ச்சல் என்று என்னை அழைத்துப் போனவர்கள், குடிசையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் என்னை நிறுத்திவிட்டார்கள். நாடி பார்க்காமல் எப்படி? உள்ளே இருந்த கிழவிக்கு, நோயாளியின் மணிக்கட்டில் எங்கே விரலை வைக்க வேண்டும் என்று பாறைக்கு இப்பாலிருந்தே கத்திச் சொன்னேன். "துடிக்குதா ஆத்தா?" "துடிக்குதய்யா." "ஒவ்வொரு துடிப்புக்கும் கல்லால ஒரு தட்டுத் தட்டு." கிழவி இடது கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் கல்லை எடுத்து அம்மியிலோ எதிலோ டக் டக்கென்று தட்ட, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு நூற்றிருபதுக்கு மேல் போயிற்று. அந்தத் தட்டலில் ஒரு தயக்கம்கூட இல்லை. டாக்டரம்மாளிடம் பயின்ற பெண்கள் சிலருக்கே அவ்வளவு துல்லியம் வராது. மாத்திரையைப் பாறை மேல் வைத்துவிட்டு நகர்ந்தேன். கிழவி வந்து எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தட்டல் நிதானமாகக் கேட்டது.

எல்லாப் பிரசவமும் அப்படி முடிவதில்லை. ஐப்பசி மாதத்து இரவொன்றில் மலை மேலுள்ள சென்ட்ரல் என்ற குடியிலிருந்து ஆள் ஓடிவந்தான். தலைப் பிரசவம், வலி கண்டு ஒன்றரை நாளாகிறது, கை முதலில் வெளிப்பட்டுவிட்டது. நானும் டார்ச்சுமாக ஏறினோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் டோலி கட்டத் தொடங்கியிருந்தார்கள். டோலி கட்டுவதை நான் அன்றுதான் நெருங்கிப் பார்த்தேன். கழி பச்சை மூங்கிலாக இருக்கலாகாது, வளைந்து கொடுத்து ஆளைத் துள்ள வைக்கும். காய்ந்ததாகவும் இருக்கலாகாது, பாதி வழியில் முறியும். வெட்டி ஒரு மழை கண்ட கழியே உத்தமம். கம்பளியை இரண்டாக மடித்து, நாலு மூலையிலும் ஒரு கூழாங்கல்லை உள்ளே வைத்து முறுக்கிக் கட்டினால்தான் முடிச்சு வழுக்காது. இறக்கத்தில் கால் முன்னும் தலை பின்னுமாகப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை தாழ்ந்து மூச்சு முட்டும். இதையெல்லாம் எவரும் எவருக்கும் சொல்லவில்லை. கைகள் தாமாகவே செய்தன. வீட்டுக்கு ஓர் ஆள் என்று வந்து நின்றார்கள். பெண்ணின் மாமனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த வீட்டிலிருந்தும் ஓர் ஆள் வந்திருந்தான்.

முன்னால் இருவர், பின்னால் இருவர், பக்கத்தில் மாற்றாட்கள். முன்னே போகிறவன் "கல்லு" என்பான். பின்னே வருகிறவன் "கல்லு" என்று திருப்பிச் சொல்வான். "பள்ளம்." "பள்ளம்." "வழுக்கு." "வழுக்கு." அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தோள் மாற்றும்போதும் டோலி தரையில் இறங்கவில்லை. வளைவுகளில் கழியின் நீளத்துக்குப் பாதை போதாமல், முன்னாட்கள் சரிவுக்குள் இறங்கிப் புதரைப் பிடித்துக்கொண்டு நின்று கழியைத் திருப்பினார்கள். என்னுடைய வேலை டார்ச் பிடித்ததும், இடையிடையே அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவள் "ம்" கொட்டுகிறாளா என்று கேட்டதும்தான். டிரங்குப் பெட்டியிலிருந்த மருந்துகளில் எதுவும் அப்போது பிரயோஜனப்படவில்லை. குரங்கணியில் ஒரு வியாபாரியின் ஜீப்பை எழுப்பி, போடி வந்து, போடியிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பொழுது நன்றாக விடிந்துவிட்டது. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளே மறுபடி உண்டானாள். இந்தத் தடவை ஒன்பதாம் மாதம் பிறந்ததும், சட்டி பானை, ஒரு மூட்டைக் கேழ்வரகு, மாமியார் ஆகியோருடன் இறங்கி வந்து, எங்களைக் கேட்காமலே கொட்டகையின் பின்தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டிவிட்டாள். டாக்டரம்மாள் வந்து பார்த்து, "இது நல்ல யோசனையா இருக்கே" என்று, இன்னும் இரண்டு அடுப்பு போட இடம் ஒதுக்கச் சொன்னார். லம்பரேனேயிலும் நோயாளியோடு குடும்பமே ஓடத்தில் வந்திறங்கி, ஆஸ்பத்திரி முற்றத்திலேயே சமைத்துத் தின்று தங்குமாம். ஐரோப்பாவிலிருந்து பார்க்க வந்தவர்கள் இதென்ன அலங்கோலம் என்று முகம் சுளிப்பார்களாம். அப்படிக் குடும்பத்தோடு தங்க முடிவதால்தான் நோயாளிகள் வருகிறார்கள் என்பதை ஷ்வைட்ஸர் அறிந்திருந்தார். மேலே இருந்து மாதம் நிறைவதற்கு முன்பே கர்ப்பிணிகள் இறங்கி வந்து தங்குவது அதன் பிறகு குரங்கணியில் வழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் தாழ்வாரத்தில் எப்போதும் கேழ்வரகுக் கூழ் கொதிக்கும் வாசனை. அந்தப் பெண்ணுக்குப் போடியில் பிறந்த பையன் பிற்பாடு ஜீப் ஓட்டினான்.

காலம் எவ்வளவோ மாறிவிட்டது. மதுரை ஜில்லாவைப் பிரித்துத் தேனி ஜில்லா ஆக்கினார்கள். க.விலக்கில் மெடிக்கல் காலேஜ் வந்தது. 2008-இல் தொடங்கிய 108 வண்டி குரங்கணி வரையில் வருகிறது. மீட்டர்கேஜ் போய், நெடுங்காலம் ரயிலே இல்லாமலிருந்த போடிக்கு 2023-இல் அகலப் பாதையில் ரயில் வந்துவிட்டது. ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே உள்ள குடிகளுக்கு இன்றும் கம்பளியும் கழியும்தான். பத்திரிகையில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது, இந்த மலைகளில் ஏதோ ஓர் ஊரிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த படம் வருகிறது, எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள், பாதை போடுவதாகச் சொல்கிறார்கள், அடுத்த வருஷம் வேறு ஊரிலிருந்து வேறு படம் வருகிறது. 2018 மார்ச் மாதத்தில் மலையேற வந்த இளைஞர்களும் பெண்களும் கொழுக்குமலைச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தார்களே, அன்றும் ஹெலிகாப்டருக்கு முன்னால் ஓடி ஏறியவர்கள் குரங்கணி ஆட்களும் மலைவாசிகளும்தாம். வெந்த உடம்புகளைப் போர்வையில் தூக்கிக்கொண்டு இருட்டில் இறங்கினார்கள். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த நான், என்னையறியாமல், தலை மேட்டுப் பக்கமாக இருக்கிறதா என்றுதான் கவனித்தேன். சரியாகவே தூக்கியிருந்தார்கள்.

சமீபத்தில் குரங்கணிக்குப் போயிருந்தேன். டீக்கடையில், தோளில் பையுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். 2021-இல் சர்க்கார் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கிற தன்னார்வலராம். என்ன மாத்திரை என்று கேட்டேன். "சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அய்யா. மேல பாதிப் பேருக்கு இருக்கே, தெரியாதா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேழ்வரகும் சாமையும் தின்று மலையேறி இறங்கிய சனங்களுக்குச் சர்க்கரை வியாதியா? ரேஷன் அரிசியும், கடைக்குக் கடை தொங்கும் பாக்கெட் பண்டமும், ஜீப்பும் வந்த பிறகு அதுவும் ஏறி வந்துவிட்டது போலும். நான் பழைய பிரதாபங்களை எடுத்து விட்டேன்; மூங்கில் கிண்ணத்தையும் குன்றிமணியையும் பற்றிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே பையைத் திறந்து, என் சட்டைக் கையை மேலே தள்ளி, பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினாள். எண்ணைப் பார்த்ததும் அவளுடைய முகத்தில் இருந்த மரியாதை சற்றுக் குறைந்தது.

"நூத்தி எழுபது இருக்கு. மாத்திர போடுறீகளா இல்லையா?"

"போடுவேன், சில நாள் மறந்துபோகும்."

"குன்றிமணி எண்ணச் சொல்லிக் குடுத்தீகளாமே அய்யா" என்று சொல்லிக்கொண்டே நோட்டுப் புத்தகத்தில் என் பெயரை எழுதிக்கொண்டாள்.